கலவரம் என்று எழுதியது யார்?

(கைலாசபுரத்தில் தொழிலாளர்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பரமக்குடித் துப்பாக்கிச் சூட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அதனால் அந்தச் சாவுக்குப் பிறகு நடந்ததைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன். துப்பாக்கி வெடித்து ஓய்ந்த பிறகு நாட்டில் யார் பேசினார்கள், என்ன பேசினார்கள், அந்தப் பேச்சு எங்கே போய் முடிந்தது? ஒரு துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு முதல் இரண்டு மூன்று நாளில் எந்தச் சொல் நிலைத்துவிடுகிறதோ, அதுவே இரண்டு மூன்று வருடம் கழித்துத் தீர்ப்பாகத் திரும்பி வருகிறது. இன்றைக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

பரமக்குடிக்குப் போவதற்கு முன்னால் பக்கத்தில் இருக்கிற பொன்மலைக்குப் போய்விட்டு வருவோம். 1946 செப்டம்பர் 5. தென்னிந்திய ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தம். வெள்ளைக்காரன் இன்னும் போகவில்லை. ஆனால் சென்னை மாகாணத்தில் பிரகாசம் தலைமையில் காங்கிரஸ் மந்திரிசபை வந்துவிட்டது. சங்கத்திடலில் மலபார் ஸ்பெஷல் போலீஸ் சுட்டது. 5 தொழிலாளர்கள் செத்தார்கள். இன்றைக்கும் அவர்களுக்குப் பெயர் ‘பொன்மலைத் தியாகிகள்’. ஆண்டுதோறும் செப்டம்பர் 5 வந்தால் அந்தத் திடலில் செங்கொடி ஏறுகிறது.

இந்தப் பெயரை அரசாங்கமா கொடுத்தது? இல்லை. சங்கம் கொடுத்தது. வருடா வருடம் கூடிக் கூடி, சொல்லிச் சொல்லி அந்தப் பெயரை நிலைக்க வைத்தது. ‘பொன்மலைக் கலவரம்’ என்று இங்கே யாரும் சொல்வதில்லை.

இப்போது அதே செப்டம்பர் மாதத்தில் இன்னொரு தேதி. செப்டம்பர் 11.

1957இல் இந்த நாளில்தான் இம்மானுவேல் சேகரன் பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். பட்டாளத்திலிருந்து திரும்பி வந்த மனுஷன். 1924இல் பிறந்தவர், 33 வயதுகூட நிரம்பவில்லை. முதல் நாள் முதுகுளத்தூரில் நடந்த சமாதானக் கூட்டத்தில் தன் மக்களின் பிரதிநிதியாகச் சரிசமமாக உட்கார்ந்தார், சரிசமமாகப் பேசினார். மறுநாள் உயிர் போனது. அந்த நாளில் பரமக்குடிக்கு மக்கள் போவது திருவிழா பார்க்க அல்ல. வேன் பிடித்து, லாரி பிடித்து, பிள்ளைகுட்டிகளோடு போவது, ‘நாங்களும் சமமாக உட்காருவோம்’ என்று சொல்லத்தான்.

2011 செப்டம்பர் 11 ஞாயிற்றுக்கிழமை. அதற்கு இரண்டு நாள் முன்னால் ஒரு தலித் பள்ளி மாணவன் படுகொலை செய்யப்பட்டிருந்தான். ஜான் பாண்டியன் பரமக்குடிக்கு வரக் கூடாது என்று தடுத்து, வல்லநாட்டில் வைத்துக் கைது செய்தார்கள். ‘அவரை விடு’ என்று பரமக்குடி ஐந்துமுனைச் சந்திப்பில் மறியல். தடியடி, கல்வீச்சு, பிறகு துப்பாக்கி. 6 பேர் செத்தார்கள். எல்லோரும் ஒடுக்கப்பட்ட மக்கள்.

மறுநாள் சட்டப்பேரவையில் முதலமைச்சர் ஜெயலலிதா அறிக்கை படித்தார். அதில் என்ன இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும் தோழர்களே. மாணவன் கொலைக்குப் பின்னணியாக, முத்துராமலிங்கத் தேவரை இழிவுபடுத்திச் சுவரில் எழுதிய சமாச்சாரம் சொல்லப்பட்டது. ஜான் பாண்டியனைத் தடுத்தது சாதி மோதலைத் தவிர்க்க என்று சொல்லப்பட்டது. போலீஸ் சுட்டது தற்காப்புக்காக, பொதுச் சொத்தைக் காப்பாற்ற என்று சொல்லப்பட்டது. இறந்தவர் குடும்பத்துக்கு 1 லட்சம் என்று அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு அது 5 லட்சம் ஆனது.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஐந்துமுனையில் அன்றைக்கு எதிரெதிரே நின்றது இரண்டு சாதியா? ஒரு பக்கம் போலீஸ், இன்னொரு பக்கம் மறியல் செய்த மக்கள். வேறு ஒரு சாதிக்காரர் கூட்டமாக வந்து அங்கே சண்டை போடவில்லை. ஆனாலும் பேப்பரில் என்ன வந்தது? ‘பரமக்குடி கலவரம்’. டிவியில் என்ன ஓடியது? ‘சாதிக் கலவரம்’. டீக்கடை பெஞ்சில் என்ன பேசினான்? ‘அங்க எப்பவும் சண்டைதானப்பா. ராமநாதபுரம்னாலே அப்பிடித்தான்.’

இந்த ஒரு சொல் செய்கிற வேலையைப் பாருங்கள். ‘துப்பாக்கிச் சூடு’ என்று சொன்னால் உடனே அடுத்த கேள்வி வரும்: சுட்டது யார்? யார் உத்தரவு? எத்தனை ரவுண்டு? ‘கலவரம்’ என்று சொன்னால் அந்தக் கேள்வி எழாது. வேறு கேள்விதான் வரும்: யார் கலவரம் பண்ணினான்? அதாவது செத்தவன் எப்பேர்ப்பட்டவன்? இலக்கணத்திலேயே எழுவாயை மாற்றிவிடுகிறான். துப்பாக்கி பிடித்த கை வாக்கியத்திலிருந்து காணாமல் போகிறது. கல் பிடித்த கை மட்டும் மிச்சம் இருக்கிறது.

மாணவ நண்பர்களில் யாராவது எழுந்து கேட்கலாம்: ‘கல் எறிந்தது பொய்யா? வண்டி எரிந்தது பொய்யா?’ பொய் இல்லை. கல் விழுந்தது, வண்டி எரிந்தது, போலீஸ்காரர்களும் காயம்பட்டார்கள். இதை மறைத்துப் பேச வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. ஆனால் கல் எறிந்ததற்குச் சட்டத்தில் என்ன தண்டனை? வழக்கு, கைது, கோர்ட், சிறை. மரண தண்டனை என்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது? போலீஸின் சொந்த நிலையாணைகளே என்ன சொல்கின்றன? முதலில் எச்சரிக்க வேண்டும், ஆகக் குறைந்த பலத்தைத்தான் பயன்படுத்த வேண்டும், கூட்டம் கலையத் தொடங்கினால் சுடுவதை நிறுத்த வேண்டும். ஆகவே விவாதிக்க வேண்டியது கல்லைப் பற்றி அல்ல, இந்த வரிசையைப் பற்றி. எச்சரித்தார்களா? எந்த இடத்தில் குண்டு பாய்ந்தது? இடுப்புக்குக் கீழா, மேலா? முன்னாலா, முதுகிலா? இதைக் கேட்டவர்கள் உண்மையறியும் குழுவாகப் போன சிலரும், ஒன்றிரண்டு சிறுபத்திரிகைகளும்தான். பெரிய பத்திரிகைகள் சுவரெழுத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தன.

அப்புறம் கமிஷன் வந்தது. ஓய்வு பெற்ற நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம். அறிக்கை 2013இல் பேரவையில் வைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூடு தவிர்க்க முடியாதது என்பதுதான் அதன் சாரம். 2011 செப்டம்பர் 12ஆம் தேதி பேரவையில் கேட்ட குரல், இரண்டு வருடம் கழித்து அதே பேரவைக்குத் திரும்பி வந்து சேர்ந்தது.

இது புதுசு இல்லை தோழர்களே. 1999 ஜூலை 23, திருநெல்வேலி. மாஞ்சோலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டுப் போராடினார்கள். 652 பேரைப் பிடித்து அடைத்தார்கள். எங்கே? நம்ம திருச்சி ஜெயிலில். அவர்களை விடுதலை செய் என்று கலெக்டரிடம் மனுக் கொடுக்க ஊர்வலம் போனார்கள். தடியடி, கண்ணீர்ப்புகை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தாமிரபரணியில் இறங்கினார்கள். 17 பேர் செத்தார்கள், ஒரு பச்சைக் குழந்தை உட்பட. ஆற்றுக்குள் நின்றவர்கள்மேல் போலீஸ் கல்லெறிந்தது படத்தில் பதிவாகியிருக்கிறது. நீதிபதி மோகன் கமிஷன் என்ன கணக்குச் சொன்னது? 11 பேர் மூழ்கிச் செத்தார்கள், 6 பேர் காயத்தால் செத்தார்கள். போலீஸ் நடவடிக்கை சரி. மூழ்கிச் செத்தார்களாம்! குளிக்கவா போனான்? ஆற்றில் தள்ளியது எது என்று கேட்டால்தானே பதில் சொல்வதற்கு! இங்கேயும் எழுவாயைக் காணோம்.

இன்னொரு விஷயம் சொல்கிறேன். இதைச் சொன்னால் நம்ம ஆட்களே சிலர் முறைக்கலாம். இம்மானுவேல் கொலை நடந்த மூன்றாம் நாள், 1957 செப்டம்பர் 14, கீழத்தூவலில் போலீஸ் 5 பேரைச் சுட்டது. 5 பேரும் மறவர்கள். பிடித்துக் கட்டிச் சுட்டார்கள் என்பது ஊர்க்காரர்கள் குற்றச்சாட்டு. கூட்டம் தாக்கியது, தற்காப்புக்குச் சுட்டோம் என்பது அரசாங்கத்தின் பதில். இம்மானுவேலைக் கொன்றவர்களுக்குத் தண்டனை வேண்டும் என்று கேட்கிற நாம், கீழத்தூவலைப் பார்த்து ‘சரியாப் போச்சு’ என்று சொல்லலாமா? கூடாது. நியாயம் கோர்ட்டில்தான் வேண்டும், கண்மாய்க்கரையில் துப்பாக்கி முனையில் அல்ல. இரக்கத்தால் மட்டும் இதைச் சொல்லவில்லை. 1957இல் அங்கே சொன்ன ‘தற்காப்பு’ என்ற அதே சொல்தான் 2011இல் நம் பிள்ளைகள்மேல் வந்து விழுந்தது. துப்பாக்கிக்கு ஒரு தடவை ‘சரி’ என்று சொல்லிவிட்டால், அடுத்த தடவை அது யார் பக்கம் திரும்பும் என்று நாம் தீர்மானிக்க முடியாது.

இப்போது தூத்துக்குடிக்கு வருவோம். 2018 மே 22. ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் 100ஆம் நாள். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். அங்கேயும் அதே முயற்சி நடந்தது. ‘சமூக விரோதிகள் ஊடுருவிவிட்டார்கள்’ என்றார்கள். ரஜினிகாந்தும் நேரில் போய் வந்து அதையே சொன்னார். முதலமைச்சர் பழனிசாமி, டிவியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்றார். ஆனால் அந்தச் சொல் அங்கே ஒட்டவில்லை. ஏன்? மீனவர், வியாபாரி, வக்கீல், மாணவர், பல சாதி, பல மதம் எல்லாம் கலந்த ஊர்க்கூட்டம் அது. ‘சாதிக் கலவரம்’ என்று முத்திரை குத்த இடமில்லை. வீட்டார் உடல்களை வாங்க மறுத்தார்கள். உயர்நீதிமன்றம் உடல்களைப் பாதுகாத்து வைக்க உத்தரவிட்டது. நிவாரணம் 10 லட்சத்தில் ஆரம்பித்து 20 லட்சம் ஆனது. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை 2022 அக்டோபரில் பேரவைக்கு வந்தது. துப்பாக்கிச் சூடு தேவையற்றது, ஓடுகிறவர்களைச் சுட்டிருக்கிறார்கள் என்று சொல்லி, கலெக்டரையும் 17 போலீசாரையும் பொறுப்பாளிகளாகக் காட்டியது.

நான் தூத்துக்குடி மக்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் சிந்தியதும் ரத்தம்தான். ஏழு வருட இடைவெளியில் பண மதிப்பும் மாறும், ஆட்சியும் மாறும், அதுவும் தெரியும். ஆனால் கேள்வி கேள்விதான். தூத்துக்குடியில் செத்தவன் ‘பொதுமக்கள்’. பரமக்குடியில் செத்தவன் ‘ஒரு பிரிவினர்’. தூத்துக்குடிக்காகத் தமிழ்நாடு முழுக்கக் கடையடைத்தார்கள், சினிமாக்காரர்கள் கண்டித்தார்கள், கல்லூரி மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். பரமக்குடிக்கு? சேரி மட்டும்தான் அழுதது. ‘பொதுமக்கள்’ என்ற சொல்லுக்குள் நாம் இருக்கிறோமா இல்லையா? வாக்காளர் பட்டியலில் இருக்கிறோம். ரேஷன் கார்டில் இருக்கிறோம். சுடப்பட்டால் மட்டும் எப்படி அந்தச் சொல்லிலிருந்து வெளியே போய்விடுகிறோம்?

இதுவரை அடுத்தவனைப் பேசினோம். இப்போது நம்மைப் பேசுவோம்.

ஒரு துப்பாக்கிச் சூடு நடந்த மறுநாள் நம்ம பக்கம் என்ன நடக்கிறது? ஆளுக்கொரு தலைவர், ஆளுக்கொரு கண்டன அறிக்கை, ஆளுக்கொரு போஸ்டர். போஸ்டரில் செத்தவர் படம் தபால்தலை அளவு, தலைவர் படம் ஆள் உயரம். ‘இது தேவேந்திரர் பிரச்சினை, எங்களுக்கு என்ன?’ என்று பறையர் தெருவில் ஒரு பேச்சு. ‘உங்க ஊர்ல நடந்தப்போ நாங்க வரலையா?’ என்று பதிலுக்கு ஒரு பேச்சு. அருந்ததியரை இரண்டு பேருமே கூப்பிடுவதில்லை. சுடுகிறவன் உட்சாதி பார்த்தா சுடுகிறான்? அரசாங்கம் நம்மை ‘ஒரு பிரிவினர்’ என்று சுருக்குகிறது என்று கத்துகிற நாம், நம்மை நாமே இன்னும் சின்னதாகச் சுருக்கிக்கொள்கிறோம்.

உடலை வாங்க மறுக்கும் போராட்டம் இருக்கிறதே, அதைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். அது பெரிய ஆயுதம். ஆனால் அந்த ஆயுதத்தைத் தூக்கி நிற்பது யார்? செத்தவனின் மனைவி, தாய். மேடையில் ‘வாங்க மாட்டோம்’ என்று நாம் பேசிவிட்டுப் பஸ் ஏறிவிடுகிறோம். பிணவறை வாசலில் பச்சத்தண்ணி குடிக்காமல் உட்கார்ந்திருப்பது அந்தப் பொம்பளை. ராத்திரி தாசில்தார் வந்து பேசுகிறார், சொந்தக்காரனை விட்டுப் பேசச் சொல்கிறார், செக்கைக் காட்டுகிறார். கைக்குழந்தையோடு இருக்கிற ஒரு கூலிக்காரப் பொம்பளை எத்தனை நாள் தாக்குப் பிடிப்பாள்? அவள் கையெழுத்துப் போட்டால் ‘விலை போயிட்டா’ என்று சொல்ல நமக்கு என்ன யோக்கியதை? முடிவு எடுக்கிற இடத்தில் அவளை உட்கார வைத்தோமா? அவள் வீட்டு அடுப்பு எரிய ஏற்பாடு செய்தோமா? அதைச் செய்த பிறகு போராட்டத்தைப் பற்றிப் பேசுவோம்.

நிவாரணம் வாங்கினால் வழக்கு போய்விடும் என்று ஒரு பயம் கிராமங்களில் இருக்கிறது. அது தப்பு. பணத்தை வாங்கினாலும் கொலை வழக்குக் கேட்கிற உரிமை போகாது. இதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லுங்கள்.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? கமிஷன் வேண்டும் என்று கோஷம் போடுவதோடு நிற்கிறோம். கமிஷன் என்றால் என்ன? 1952ஆம் வருடச் சட்டப்படி அமைக்கிற விசாரணை ஆணையம் அரசாங்கத்துக்கு யோசனைதான் சொல்லும். அதன் அறிக்கை தீர்ப்பு அல்ல, யாரையும் அது சிறைக்கு அனுப்ப முடியாது. தூத்துக்குடி அறிக்கை எவ்வளவு கடுமையாக இருந்தும், அதனாலேயே ஒருவரும் கூண்டில் ஏறிவிடவில்லை. மேலும், கூட்டத்தைக் கலைக்கும்போது செய்ததற்காகப் போலீஸ்மேல் வழக்கு நடத்த அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 132ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதுச் சட்டத்தில் 151ஆம் பிரிவு. எண்தான் மாறியது, கவசம் மாறவில்லை.

இந்தக் கவசத்தை உடைத்த ஊர் எது? வாச்சாத்தி. 1992 ஜூன் 20, தர்மபுரி மாவட்டம். சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீஸும் வருவாய்த்துறையும் அந்தப் பழங்குடிக் கிராமத்தில் புகுந்து சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அங்கே துப்பாக்கிச் சூடு இல்லை. ஆனால் அரசாங்கத்தின் முதல் பதில் அதேதான்: அப்படி எதுவும் நடக்கவில்லை. பழங்குடி மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடவில்லை. 1995இல் உயர்நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. 269 பேர்மேல் வழக்கு. 54 பேர் வழக்கு நடக்கும்போதே செத்துப் போனார்கள். மிச்சம் 215 பேருக்கும் தண்டனை. தீர்ப்பு வந்த நாள் 2011 செப்டம்பர் 29. பரமக்குடியில் ரத்தம் காய்ந்து 18 நாள்! 2023இல் அதே செப்டம்பர் 29ஆம் தேதி உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது.

வாச்சாத்தியைக் காப்பாற்றியது கமிஷன் அல்ல. கோர்ட்டில் நின்று ‘இவன்தான்’ என்று கைகாட்டிய பெண்கள், அவர்களோடு 19 வருடம் பஸ் ஏறி இறங்கிய ஒரு சங்கம். அவ்வளவுதான் ரகசியம்.

ஆகவே தோழர்களே, மாணவர்களே, உங்களிடம் கேட்பது வேலை. கோஷம் யார் வேண்டுமானாலும் போடலாம். நாளைக்கு எங்காவது ஒரு துப்பாக்கி வெடித்தால், அன்றைக்கே நாலு பேர் நோட்டோடு கிளம்ப வேண்டும். நேரில் பார்த்தவர் சொல்வதை அவர் வாய்மொழியிலேயே, நேரம், இடம் போட்டு எழுதுங்கள். செல்போனில் எடுத்த படத்தை அழிய விடாமல் இரண்டு மூன்று இடத்தில் சேர்த்து வையுங்கள். பிரேதப் பரிசோதனையை வீடியோ எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், அறிக்கையின் நகலைக் கேளுங்கள். காயம்பட்டவரை ஆஸ்பத்திரியில் போய்ப் பாருங்கள். வழக்கு வந்துவிடும் என்று பயந்து அவர் வீட்டிலேயே படுத்திருப்பார், தேடிப் போங்கள். புகாரை எழுத்தில் கொடுத்து முதல் தகவல் அறிக்கை கேளுங்கள். கடும் குற்றம் என்று புகார் வந்தால் பதிவு செய்துதான் ஆக வேண்டும் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மறுத்தால் மாஜிஸ்திரேட்டிடம் போங்கள்.

இன்னொன்று. போலீஸ் போடுகிற வழக்கில் ‘மற்றும் பலர்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிக்குள் யாரை வேண்டுமானாலும் நுழைக்கலாம். படிக்கிற பையன், வேலைக்கு மனுப் போட்டவன், எல்லோரும் அந்த வரிக்குப் பயந்து சாட்சி சொல்ல வர மாட்டான். அவனுக்கு முன்ஜாமீன் எடுத்துக் கொடுக்க ஒரு வக்கீலைத் தயார் செய்வது, நூறு போஸ்டரை விடப் பெரிய போராட்டம்.

கடைசியாக ஒரு விஷயம், செலவில்லாத விஷயம். இன்றையிலிருந்து ‘பரமக்குடி கலவரம்’ என்ற வார்த்தை நம் வாயில் வரக் கூடாது. துண்டறிக்கையில் வரக் கூடாது, மாணவர்கள் எழுதுகிற ஆய்வேட்டில் வரக் கூடாது. ‘பரமக்குடித் துப்பாக்கிச் சூடு’ என்று எழுதுங்கள். ‘போலீஸ் சுட்டதில் 6 பேர் கொல்லப்பட்டார்கள்’ என்று எழுவாய் போட்டு எழுதுங்கள். பேப்பர்காரன் கலவரம் என்று எழுதினால், அன்றைக்கே ஒரு தபால் எழுதிப் போடுங்கள். அவன் பிரசுரிக்காவிட்டாலும் பரவாயில்லை, திரும்ப எழுதுங்கள். துப்பாக்கிச் சூடு நடந்த அடுத்த ஆண்டும் மக்கள் பரமக்குடிக்குப் போனார்கள். 144 தடை, வாடகை வண்டிக்குத் தடை, வழி நெடுகச் சோதனை, எல்லாவற்றையும் தாண்டிப் போனார்கள். இன்றைக்கும் போகிறார்கள். அந்தச் சனங்கள் பயப்படவில்லை. அவர்களுக்கு என்ன நடந்தது என்று சரியான வார்த்தையில் எழுதி வைப்பது, நாலு எழுத்துப் படித்த நம் கடமை.

ஜெய்பீம்.